அமைதிப்படை, பொருளாதாரத் தடை, சட்ட விலக்குரிமை: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெலிங்டன், அருவங்காடு பகுதிகளில் படையில் பணிபுரிந்தவர்களின் குடும்பங்களும், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும், தேயிலை ஏலத்தை நம்பிப் பிழைப்பவர்களும் ஒரே மாவட்டத்தில் வாழ்வதால், ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு கவுன்சிலைப் பற்றி இங்கு எழும் கேள்விகள் சமவெளியில் எழுபவற்றிலிருந்து சற்று வேறுபடுகின்றன. அவற்றுள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. படை யாருடையது, கட்டளை யாருடையது, பாதிக்கப்பட்டவர் எந்த நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகினால், இத்துறையில் உள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை விலகும் என்பது என் கருத்து. பதில்களும் அந்த வழியிலேயே அமைந்துள்ளன.

ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை உண்டா?

இல்லை. 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தின் 43ஆம் பிரிவு, உறுப்பு நாடுகள் தனித்தனி ஒப்பந்தங்கள் செய்துகொண்டு தம் படைகளைப் பாதுகாப்பு கவுன்சிலின் தேவைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்கிறது. (அந்தச் சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாத செய்தி.) வல்லரசுகளிடையே ஏற்பட்ட பனிப்போரால் அப்படியோர் ஒப்பந்தம்கூட இன்றுவரை செய்யப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் நாடுகளிடம் கேட்டு, இரவல் வாங்கிய படைகளைக் கொண்டே ஐ.நா. இயங்குகிறது.

இன்று நாம் அறிந்த அமைதி காக்கும் பணிக்குச் சாசனத்தில் நேரடியான விதி ஏதும் இல்லை. 1948இல் பாலஸ்தீனத்துக்கும் 1949இல் காஷ்மீருக்கும் ஆயுதமற்ற கண்காணிப்பாளர்கள் அனுப்பப்பட்டனர். ஆயுதம் தாங்கிய முதல் படை 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது உருவானது. அதையும் உருவாக்கியது பொது அவையே, ஏனெனில் பிரிட்டனும் பிரான்சும் பாதுகாப்பு கவுன்சிலில் தம் ரத்து அதிகாரத்தை (ஒற்றை எதிர்வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரத்தை) பயன்படுத்தி அதன் வழியை அடைத்திருந்தன. தகராறுகளைச் சமரசமாகத் தீர்ப்பதைப் பற்றிய ஆறாம் அத்தியாயத்துக்கும், பலத்தைப் பயன்படுத்துவதைப் பற்றிய ஏழாம் அத்தியாயத்துக்கும் நடுவில் நிற்கும் இந்த ஏற்பாட்டை, அப்போதைய பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் ‘ஆறரையாவது அத்தியாயம்’ என்றார் என்று சொல்வார்கள். இரவல் படை என்ற இந்த அடிப்படையிலிருந்தே பின்னால் வரும் பொறுப்புக் குழப்பங்கள் அத்தனையும் பிறக்கின்றன.

படையை அனுப்பும் முடிவை யார் எடுக்கிறார்கள்?

பாதுகாப்பு கவுன்சிலின் 15 உறுப்பினர்களுள் குறைந்தது 9 பேர் ஆதரிக்க வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நிரந்தர உறுப்பினர்களுள் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. வாக்களிக்காமல் ஒதுங்கியிருப்பது எதிர்ப்பாகக் கருதப்படுவதில்லை. இந்தியா 1950 முதல் 2022 வரை எட்டு முறை நிரந்தரமற்ற உறுப்பினராக இருந்துள்ளது.

ஒரு நாடு சம்மதிக்காவிட்டால் படை போக முடியாதா?

சம்மதம், நடுநிலை, தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்கும் அல்லாமல் பலத்தைப் பயன்படுத்தாமை ஆகிய மூன்றும் அமைதி காக்கும் பணியின் அடிப்படைகளாகக் கருதப்படுகின்றன. சம்மதம் எவ்வளவு முக்கியமானது என்பதை அது பறிபோன தருணங்களே காட்டுகின்றன. 1967 மே மாதத்தில் எகிப்து அதிபர் நாசர் கேட்டுக்கொண்டதும், பத்தாண்டுகளுக்கு மேலாகக் காசாவிலும் சினாயிலும் இருந்த ஐ.நா. படை வெளியேறத் தொடங்கியது. அது முழுமையாக வெளியேறி முடிவதற்குள் ஜூன் மாதப் போர் வெடித்து, அப்படையில் இருந்த இந்திய வீரர்களும் உயிரிழந்தனர். 2023இல் மாலி நாட்டின் ராணுவ அரசு வெளியேறச் சொன்னதும், பத்தாண்டுக் காலப் பணி அதே ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது.

சாசனத்தின் 42ஆம் பிரிவின்படி சம்மதமின்றியும் பலத்தைப் பயன்படுத்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் அத்தகைய வேளைகளில் ஐ.நா. தன் நீலத் தொப்பிப் படையை அனுப்புவதில்லை. 1990இல் குவைத் விவகாரத்தில் நடந்ததுபோல், விருப்பமுள்ள நாடுகளுக்கு அனுமதி வழங்கிவிடுகிறது.

1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படை ஐ.நா. படையா?

கூடலூரிலும் கோத்தகிரியிலும் இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. அது ஐ.நா. படை அல்ல. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் இணைப்பில், தேவைப்பட்டால் இலங்கை அதிபர் இந்திய அமைதிப்படையை அழைக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. படை போனதற்கான சட்ட அடிப்படை அதுவே. பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானம் எதுவும் இல்லை, ஐ.நா. கொடியும் இல்லை; தளபதியை நியமித்தது டெல்லி; செலவையும் டெல்லியே ஏற்றது. சம்மதம் என்ற அடிப்படை தொடக்கத்தில் இருந்தது. நடுநிலை என்ற அடிப்படை அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டதும் போயிற்று. பின்னர் பிரேமதாசா அரசு வெளியேறச் சொன்னதும் சம்மதமும் போய், 1990 மார்ச் மாதத்தில் கடைசிப் பிரிவும் திரும்பியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தனர்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சட்டம் அன்று. ஐ.நா. பணியில் இறந்தவருக்கு உரிய ஐ.நா. இழப்பீடும் பதக்கமும், இலங்கையில் இறந்தவரின் குடும்பத்துக்கு இல்லை. அக்குடும்பம் பெறுவது இந்திய அரசின் ஓய்வூதியமும் உதவிகளும் மட்டுமே. மறுபக்கத்தில், அந்தப் படையால் பாதிக்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் முறையிட ஐ.நா.வின் உரிமைக்கோரல் வாரியம் போன்ற எதுவும் இருந்ததில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவரும் ஊழியர்களும் கொல்லப்பட்ட நிகழ்வுக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. தாயகம் திரும்பிய குடும்பங்களில் சிலருக்கு உறவினர் அந்தப் பக்கத்திலும், அண்டை வீட்டுக்காரர் படையிலுமாக இருந்திருக்கிறார்கள். இரண்டு தரப்பின் கேள்விக்கும் சட்டம் தரும் விடை ஒன்றே: ஐ.நா.வின் சட்ட ஏற்பாடுகள் எதுவும் அங்கே செல்லாது.

2009இல் வன்னியில் மக்கள் சிக்கியிருந்தபோது ஐ.நா. படை ஏன் போகவில்லை?

கொழும்பு அரசு சம்மதிக்கவில்லை. சம்மதமின்றி அனுப்புவதற்குத் தேவையான ஒருமித்த கருத்து கவுன்சிலில் இல்லை. அதைவிட முக்கியமாக, இலங்கை நிலவரம் பாதுகாப்பு கவுன்சிலின் முறையான நிகழ்ச்சி நிரலிலேயே இடம்பெறவில்லை. உறுப்பினர்கள் முறைசாராக் கலந்துரையாடல்களில் மட்டும் அதைப் பேசினர். நிகழ்ச்சி நிரலில் ஏறாத ஒன்றைப் பற்றித் தீர்மானம் வர வழியில்லை. தீர்மானம் இல்லாமல் படையும் இல்லை, தடையும் இல்லை. ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தும் நிலைகூட எழவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

படை போகாததற்குக் கவுன்சிலைக் குறை சொல்லலாம். ஏற்கெனவே அங்கிருந்த ஐ.நா. பணியாளர்கள் என்ன செய்தார்கள் என்பது வேறு கேள்வி. 2008 செப்டம்பரில் அரசு பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர மறுத்ததும் வெளிநாட்டுப் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறினர். பொதுச் செயலாளர் பான் கி மூன் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அளித்த அறிக்கை, இரு தரப்பும் கடும் மீறல்களில் ஈடுபட்டதாக நம்பத் தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. சார்லஸ் பெட்ரி தலைமையில் நடந்த உள்ளக ஆய்வு 2012 நவம்பரில் வெளிவந்தபோது, ஐ.நா. அமைப்பு தன் கடமையில் தவறியதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி எழுதிய அறிக்கைகளுள் இவ்வளவு கடுமையானவை அரிது. ஆயினும் அதன் அடிப்படையில் யாரும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை.

என் மகன் தென் சூடானுக்குப் போகிறான். அவனுக்குச் சம்பளம் தருவது யார், கட்டளையிடுவது யார்?

சம்பளத்தைத் தருவது இந்திய அரசு. ஐ.நா. ஒவ்வொரு வீரருக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அனுப்பும் நாட்டின் அரசுக்குத் திருப்பிச் செலுத்துகிறது. 2018இல் அத்தொகை 1,428 டாலராக இருந்தது. அது வீரரின் கையில் நேராகச் சேரும் பணம் அன்று. அப்பணம் ஐ.நா.விடமிருந்து வர மாதங்கள் தாமதமாவதும் வழக்கமே, ஏனெனில் பெரிய நாடுகள் தம் பங்கை உரிய காலத்தில் செலுத்துவதில்லை.

களத்தில் அன்றாடச் செயல்பாட்டுக்கான கட்டளை ஐ.நா. நியமிக்கும் படைத் தளபதியிடம் இருக்கும். தென் சூடானில் 2022இல் அந்தப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டவர் இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் மோகன் சுப்ரமணியன். ஆனால் ஒழுங்கு நடவடிக்கை, பதவி உயர்வு, தண்டனை ஆகியவை முழுக்க இந்திய ராணுவத்தின் கையில் இருக்கும். இப்படி ஒரே வீரருக்கு இரண்டு எசமானர்கள் இருப்பதால்தான், ஏதேனும் தவறு நிகழும்போது ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்ட இடம் கிடைக்கிறது.

இந்தியா இதுவரை 50க்கும் மேற்பட்ட பணிகளுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேரை அனுப்பியுள்ளது. சுமார் 180 பேர் உயிரிழந்துள்ளனர். 1961 டிசம்பர் 5 அன்று காங்கோவில் வீழ்ந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கு பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஜெனரல் கே. எஸ். திம்மய்யா, சைப்ரஸில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தபோது 1965 டிசம்பரில் காலமானார்.

அங்கே ஒரு வீரர் குற்றம் செய்தால் அந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியுமா?

முடியாது. ஐ.நா.வும் படையை ஏற்கும் நாடும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 1990இல் பொதுச் செயலாளர் வகுத்த மாதிரி ஒன்று அடிப்படையாக உள்ளது. அதன்படி, படைப்பிரிவு வீரர் செய்யும் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் அவரை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே உண்டு. ஐ.நா.வுக்கே அவரைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது; திருப்பி அனுப்பலாம், அவ்வளவே.

இந்திய வீரரைப் பொறுத்தவரை, 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 70ஆம் பிரிவு பொருந்தும். ராணுவத்தைச் சாராத ஒருவரைக் கொலை செய்தல், வன்புணர்வு ஆகிய குற்றங்களை உள்நாட்டில் பொதுவாக ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது. ஆனால் குற்றம் இந்தியாவுக்கு வெளியே நடந்திருந்தால் விசாரிக்கலாம் என்று அப்பிரிவு விலக்களிக்கிறது. படையினர் அல்லாத இந்தியக் குடிமகன், எடுத்துக்காட்டாக ஐ.நா. அலுவலகத்தில் வேலை செய்பவர், வெளிநாட்டில் குற்றம் செய்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 188ஆம் பிரிவின்படி, அதாவது இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 208ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் முன் அனுமதியோடு இங்கே விசாரிக்கலாம்.

சட்டம் இருப்பது வேறு, வழக்கு நடப்பது வேறு. 2007இல் ஹெய்தியில் சிறுமிகள் உட்பட உள்ளூர்ப் பெண்களைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கினர் என்ற குற்றச்சாட்டின் பேரில் இலங்கைப் படைப்பிரிவைச் சேர்ந்த 100க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் எவரும் சிறை சென்றதாகச் செய்தி இல்லை. சாட்சிகள் ஹெய்தியில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் கொழும்பில், விசாரணை அதிகாரிகள் நியூயார்க்கில் என்று பிரிந்து கிடக்கும்போது, குற்றத்தை நிரூபிக்கும் ஆர்வம் அனுப்பிய நாட்டுக்கு இருந்தாலொழிய எதுவும் நகராது. 2016 மார்ச்சில் நிறைவேறிய 2272ஆம் தீர்மானம், இத்தகைய குற்றங்கள் பரவலாக நடந்திருந்தால் அந்தப் படைப்பிரிவு முழுவதையும் திருப்பி அனுப்பப் பொதுச் செயலாளருக்கு வழிவகுத்தது. அதுவும் திருப்பி அனுப்புவதோடு நின்றுவிடுகிறது.

சட்ட விலக்குரிமை (வழக்கு, விசாரணையிலிருந்து காக்கும் உரிமை) எல்லா ஐ.நா. பணியாளருக்கும் ஒரே அளவுதானா?

இல்லை. 1946 பிப்ரவரி 13 அன்று பொது அவை ஏற்ற சலுகைகள், விலக்குரிமைகள் பற்றிய உடன்படிக்கை பல அடுக்குகளை வகுக்கிறது. பொதுச் செயலாளருக்கும் துணைப் பொதுச் செயலாளர்களுக்கும் தூதர்களுக்கு நிகரான முழு விலக்குரிமை உண்டு. மற்ற அலுவலர்களுக்கு, அலுவல் நிமித்தம் பேசியதற்கும் செய்ததற்கும் மட்டுமே. ராணுவக் கண்காணிப்பாளர்களும் ஐ.நா. பணிக்குப் போகும் காவல்துறை அதிகாரிகளும் ‘பணிமேல் உள்ள வல்லுநர்’ என்ற வகையில் வருவர். அவர்களுக்கும் கடமை சார்ந்த விலக்குரிமையே. அலுவலர்களுக்கான விலக்குரிமை அவர்களின் சொந்த நன்மைக்காக அன்று, ஐ.நா.வின் நலனுக்காகத் தரப்பட்டது என்றும், நீதி நடப்பதற்கு அது தடையாக இருந்தால் அதை விலக்கிக்கொள்ளும் உரிமையும் கடமையும் பொதுச் செயலாளருக்கு உண்டு என்றும் உடன்படிக்கையின் 20ஆம் பத்தி தெளிவாகச் சொல்கிறது. கடமை என்ற பாதியைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் இந்த உடன்படிக்கைக்குச் சட்ட வலிமை தருவது ஐக்கிய நாடுகள் (சலுகைகள் மற்றும் விலக்குரிமைகள்) சட்டம், 1947.

அந்த விலக்குரிமை நல்ல நோக்கத்துக்குப் பயன்பட்டதுண்டா?

உண்டு. மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசாமி, நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். 1995இல் ஒரு சட்ட இதழுக்கு அளித்த பேட்டியில், மலேசிய நீதிமன்றங்களில் சில வணிக நிறுவனங்களின் செல்வாக்கு பற்றி அவர் சொன்ன கருத்துகளுக்காக, பெருந்தொகை கேட்டு அவதூறு வழக்குகள் தொடரப்பட்டன. அவர் தம் ஐ.நா. பொறுப்பில் இருந்தே பேசினார் என்று பொதுச் செயலாளர் சான்றளித்தும் மலேசிய நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. விவகாரம் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1999 ஏப்ரல் 29 அன்று அந்நீதிமன்றம், அவருக்கு விலக்குரிமை உண்டு, பொதுச் செயலாளரின் சான்றை உள்நாட்டு நீதிமன்றங்கள் எளிதில் புறந்தள்ளக் கூடாது என்று கருத்துரைத்தது. அரசைக் கேள்வி கேட்பவரை வழக்குகளால் ஒடுக்க முடியாமல் காப்பதே இந்த உரிமையின் உயர்ந்த பயன்.

அதே கருத்துரையில் நீதிமன்றம் இன்னொன்றையும் சேர்த்தது: ஐ.நா.வின் செயலால் யாருக்கேனும் சேதம் ஏற்பட்டால், அதற்கான உரிமைக்கோரலைத் தீர்க்க உடன்படிக்கையின் 29ஆம் பத்தியின்படி ஐ.நா.வே தகுந்த வழியை அமைத்துத் தர வேண்டும். அந்தச் சொல் காப்பாற்றப்பட்டதா என்பதை ஹெய்தி காட்டியது.

ஹெய்தியில் என்ன நடந்தது?

2010 அக்டோபரில் மிர்பலே என்ற ஊருக்கு அருகிலிருந்த ஐ.நா. முகாமில் நேபாளப் படைப்பிரிவு தங்கியிருந்தது. அந்த முகாமின் கழிவு, ஆர்டிபோனிட் ஆற்றில் கலக்கும் ஓடை ஒன்றில் சேர்ந்தது. அதுவரை ஹெய்தி மக்கள் அறிந்திராத காலரா அந்த ஆற்று நீரின் வழியே பரவி, 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரை நோயாளிகளாக்கி, சுமார் 10,000 பேரைக் கொன்றது. ஓடைத் தண்ணீரைக் குடிப்பதற்கும் துவைப்பதற்கும் நம்பியிருக்கும் மலைக் கிராமங்களில் வாழ்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் முதலில் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 29ஆம் பத்தியைக் காட்டி ஐ.நா.விடமே இழப்பீடு கேட்டார்கள். 2013 பிப்ரவரியில் ஐ.நா. சுருக்கமாக மறுத்தது: இந்தக் கோரிக்கை அரசியல், கொள்கை முடிவுகளை மறுஆய்வு செய்வதில் முடியும் என்பதால் ஏற்கத்தக்கதன்று. அதன் பிறகு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். இழப்பீட்டு வழியை அமைத்துத் தராத ஐ.நா. விலக்குரிமையையும் கோர முடியாது என்பது அவர்களின் வாதம். 2015 ஜனவரியில் கீழ் நீதிமன்றமும், 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை: வழி அமைப்பது விலக்குரிமைக்கான முன்நிபந்தனை அன்று, ஐ.நா.வே வெளிப்படையாக விட்டுக்கொடுத்தாலன்றி விலக்குரிமை நிற்கும் என்று கூறின. 2016 டிசம்பர் 1 அன்று பான் கி மூன் ஹெய்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, 40 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தார். நாடுகள் அதற்குத் தந்தது சிறு பகுதியே.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஐ.நா. ஜீப் ஒருவரை மோதிவிட்டால் அவருக்கு இழப்பீடு கிடைக்க வழி உண்டு. ஒவ்வொரு பணியிலும் உரிமைக்கோரல் ஆய்வு வாரியம் இருக்கிறது. 1998இல் பொது அவை நிறைவேற்றிய 52/247 தீர்மானத்தின்படி, காயத்துக்கும் உயிரிழப்புக்கும் உச்ச வரம்பு 50,000 டாலர். ஒருவருக்கு நேர்ந்த சேதத்தைத் தீர்க்கும் ஏற்பாடு, ஆயிரக்கணக்கானோருக்கு நேர்ந்த சேதத்தைக் கண்டு ‘கொள்கை விவகாரம்’ என்று கைவிரித்ததை எந்தச் சட்ட வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்றே நினைக்கிறேன்.

ஐ.நா.வை வழக்குக்கு இழுக்க முடியாவிட்டால், படையை அனுப்பிய நாட்டை இழுக்கலாமா?

சில வேளைகளில் முடியும். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நகரில், ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், 7,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படைகளால் கொல்லப்பட்டனர். அங்கே காவலுக்கு இருந்தது நெதர்லாந்துப் படைப்பிரிவு. ஐ.நா.வுக்கு எதிரான வழக்கை நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2012இல் விலக்குரிமையைச் சொல்லித் தள்ளியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2013இல் அதையே உறுதிசெய்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், முகாமிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொல்லப்பட்ட மூவரின் விஷயத்தில் நெதர்லாந்து அரசு பொறுப்பு என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே செயலுக்கு ஐ.நா.வும் அனுப்பிய நாடும் சேர்ந்தே பொறுப்பாகலாம், அந்த நேரத்தில் உண்மையில் கட்டுப்பாடு யாரிடம் இருந்தது என்பதே கேள்வி என்ற கருத்து அதில் நிலைபெற்றது. 2019இல் முகாமுக்குள் இருந்த சுமார் 350 பேர் குறித்து, அரசின் பொறுப்பு 10 சதவீதம் என்று முடிவானது. 10 சதவீதம் என்பது உயிர் தப்பியிருக்கக்கூடிய வாய்ப்பை வைத்து நீதிமன்றம் போட்ட கணக்கு. இறந்தவர்களின் தாய்மார்கள் அதை எப்படி ஏற்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தூதரக விலக்குரிமையும் ஐ.நா. விலக்குரிமையும் ஒன்றா?

ஒன்றல்ல. இலங்கை ராணுவத்தின் 58ஆவது டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய ஷவேந்திர சில்வா, 2010 முதல் நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான இலங்கையின் துணை நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தார். போரில் உறவினரை இழந்தவர்கள் அங்கே தொடர்ந்த வழக்கை அமெரிக்க நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது. காரணம் ஐ.நா. விலக்குரிமை அன்று, ஒரு நாட்டின் தூதர் என்ற முறையில் அவருக்கு இருந்த விலக்குரிமை. குற்றச்சாட்டுகளை இலங்கை அரசு மறுத்து வந்துள்ளது. 2019 ஆகஸ்டில் அவர் ராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டதும், இன்றியமையாத இடங்கள் தவிர மற்றவற்றில் இலங்கை ராணுவத்தினரை அமைதிப் பணிக்கு எடுப்பதை ஐ.நா. நிறுத்தியது. நீதிமன்றம் தொட முடியாத இடத்தில், ஆள் எடுக்கும் அலுவலகம் ஓரளவு அழுத்தம் கொடுத்தது எனலாம்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அமைதிப்படையினரை விசாரிக்குமா?

கொள்கையளவில் தடையில்லை. 2002இலும் 2003இலும் அமெரிக்காவின் வற்புறுத்தலால், அந்நீதிமன்றத்தில் சேராத நாடுகளின் படையினருக்கு ஓராண்டு விலக்கு அளிக்கும் தீர்மானங்களைக் கவுன்சில் நிறைவேற்றியது; ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் இழைத்த கொடுமைகள் வெளிவந்த 2004இல் அவை புதுப்பிக்கப்படவில்லை. இந்தியா அந்நீதிமன்றத்தில் உறுப்பினர் அல்ல.

பொருளாதாரத் தடை இந்தியாவில் எப்படிச் சட்டமாகிறது?

சாசனத்தின் 41ஆம் பிரிவு, படையைப் பயன்படுத்தாத நடவடிக்கைகளுக்கு வகைசெய்கிறது: வணிகத்தை நிறுத்துதல், சொத்தை முடக்குதல், பயணத்தைத் தடுத்தல், ஆயுத விற்பனையைத் தடை செய்தல் போன்றவை. 25ஆம் பிரிவின்படி அவை எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தும். இந்தியாவில் ஐக்கிய நாடுகள் (பாதுகாப்பு கவுன்சில்) சட்டம், 1947 என்ற மிகச் சிறிய சட்டத்தின் கீழ் மத்திய அரசு ஆணை பிறப்பித்து அவற்றை நடைமுறைப்படுத்துகிறது. கட்டாயத் தடை முதன்முதலில் விதிக்கப்பட்டது 1966இல், ரொடீசியாமீது (இன்றைய ஜிம்பாப்வே).

ஈரானுக்குத் தேயிலை அனுப்ப ஐ.நா. தடை இருக்கிறதா?

தேயிலைமீது ஐ.நா. எப்போதும் தடை விதித்ததில்லை. 2006 முதல் ஈரான்மீது விதிக்கப்பட்ட ஐ.நா. தடைகள் அணு, ஏவுகணை, ஆயுதம் ஆகியவற்றையும், பட்டியலிடப்பட்ட நபர்களின், நிறுவனங்களின் சொத்துகளையும் பற்றியவை. 2016இல் நீங்கிய அவை, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவற்றின் முயற்சியால் 2025 செப்டம்பரில் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. ரஷ்யாவும் சீனாவும் அதை ஏற்கவில்லை.

வியாபாரிகளை வதைத்தது 2018இல் அமெரிக்கா தனியாகக் கொண்டுவந்த தடை. இந்தியா ஐ.நா. தடையைத்தான் ஏற்கும், ஒரு நாடு தனியாக விதிக்கும் தடையை ஏற்காது என்பது டெல்லியின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. ஆனாலும் டாலரில் பணம் பரிமாற வங்கிகள் அஞ்சின. இந்தியா ஈரானிடம் வாங்கும் எண்ணெய்க்கான பணத்தை யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தி, அதிலிருந்து தேயிலைக்குக் கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு கைகொடுத்தது. 2019 மே மாதம் ஈரானிடமிருந்து எண்ணெய் வாங்குவது நின்றதும், அந்தக் கணக்கில் ரூபாய் சேர வழியில்லாமல் போயிற்று. சரக்குக்குத் தடையில்லை, பணம் வரும் பாதைக்குத்தான் தடை. குன்னூர் ஏலத்தில் வாங்குபவர் தயங்கினால் அதன் சுமை கடைசியில் பச்சைத் தேயிலை பறிக்கும் சிறு விவசாயியின் கிலோ விலையில்தான் இறங்குகிறது. (1990களின் இறுதியில் இலை விலை சரிந்ததையும் சிலர் ‘தடை’ என்றே நினைவுகூர்கிறார்கள், அது சந்தைச் சரிவு, எந்தத் தீர்மானமும் அதற்குக் காரணமில்லை.)

தடையால் சாதாரண மக்கள் பட்டினி கிடக்கலாமா?

ஈராக்கில் அதுவே நடந்தது. 1990 ஆகஸ்ட் 6இன் 661ஆம் தீர்மானம் ஏறத்தாழ எல்லா வணிகத்தையும் நிறுத்தியது. மருந்துக்கும், மனிதநேயச் சூழல்களில் உணவுக்கும் விலக்கு இருந்தும் மக்கள் நலிந்தனர். 1996இன் இறுதியில் தொடங்கிய ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டத்தில் ரேஷன் பொருள்களில் மாவு, சர்க்கரையோடு தேயிலையும் இருந்தது. ஈராக்கில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் மனம் ஒப்பாமல் பதவி விலகினர். பின்னர் நாடு முழுவதையும் தண்டிக்காமல் குறிப்பிட்ட நபர்களைக் குறிவைக்கும் முறை வந்தது. 2022 டிசம்பரில் 2664ஆம் தீர்மானம், மனிதநேய உதவிக்கு ஐ.நா.வின் சொத்து முடக்கத் தடைகளிலிருந்து விலக்களித்தது. பயங்கரவாதக் குழுக்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தலாம் என்று கூறி, வாக்களிக்காமல் ஒதுங்கிய ஒரே உறுப்பினர் இந்தியா.

பெயர் ஒற்றுமையால் ஒருவரின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டால் என்ன செய்வது? விடுதலைப் புலிகள் ஐ.நா. பட்டியலில் இருந்தார்களா?

இரண்டாவதற்கு முதலில் விடை: இல்லை. 1999இன் 1267ஆம் தீர்மானத்திலிருந்து வளர்ந்த பட்டியல் அல்கொய்தா, ஐஎஸ் ஆகியவற்றோடு தொடர்புடையோருக்கானது. இந்தியா 1992இல் புலிகளைத் தடைசெய்தது தன் உள்நாட்டுச் சட்டப்படி. 2014இல் இலங்கை அரசு வெளியிட்ட புலம்பெயர் அமைப்புகள், நபர்களின் பட்டியல், பயங்கரவாதத்துக்கு நிதி செல்வதைத் தடுக்குமாறு நாடுகளுக்குச் சொல்லும் 1373ஆம் தீர்மானத்தைக் காட்டி அந்நாடு தானே தயாரித்தது. நியூயார்க்கில் எந்தக் குழுவும் அதை அங்கீகரித்துப் பட்டியலிடவில்லை.

இந்தியாவில் ஐ.நா. பட்டியலில் உள்ளோரின் பணத்தை முடக்குவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவின் கீழ் நடக்கிறது. தவறாகச் சிக்கியவர் தம் அடையாளச் சான்றுகளோடு வங்கியிடம் எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கி அதை அச்சட்டத்துக்கென நியமிக்கப்பட்ட அதிகாரிக்கு அனுப்பும். உண்மையிலேயே பட்டியலில் இருப்பவர் நீக்கம் கோரி, 2009இன் 1904ஆம் தீர்மானம் உருவாக்கிய குறைகேள் அதிகாரியிடம் போகலாம். அந்த அதிகாரி வந்ததற்கே ஒரு வழக்கு காரணம்: யாசின் காதி என்பவர், தம்மீதான குற்றச்சாட்டு என்ன என்றே சொல்லாமல் சொத்தை முடக்கியதை எதிர்த்து, 2008இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் வென்றார். மற்ற தடைப் பட்டியல்களில் உள்ளோருக்கு இன்னும் அப்படியொரு அதிகாரி இல்லை; விண்ணப்பத்தைப் பெறும் ஒரு தொடர்பு அலுவலகம் மட்டுமே உண்டு.

வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் படிக்க வரும் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு ஐ.நா. விலக்குரிமை உண்டா?

இல்லை. அவர்கள் ஐ.நா. பணியாளர்கள் அல்லர். இரு அரசுகளுக்கு இடையிலான ஏற்பாட்டின்படி பயிற்சிக்கு வருபவர்கள். 1946ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுள் ஒருவர் பின்னர் ஐ.நா. கண்காணிப்பாளராகத் தென் சூடானுக்கோ லெபனானுக்கோ அனுப்பப்பட்டால், அந்தப் பணியில் இருக்கும் காலத்துக்கு, அந்தப் பணி சார்ந்த செயல்களுக்கு மட்டும் அது பொருந்தும்.